சாவி யார் கையில?

மெக்கானிக்: காலைல அவசரமா விட்டுட்டு ஓடிட்டீங்க. இப்போ முதல்லேந்து சொல்லுங்க அக்கா. இந்தத் தடவை எங்க நின்னுச்சு?

மனைவி: சிக்னல்ல. பச்சை விழுந்துச்சு, நகர்ந்தேன், எதிர்ல ஒரு பஸ் திரும்புச்சு... அவ்ளோதான். உயிர் போயிடுச்சு.

மெக்கானிக்: ஐயோ, யாருக்கு?

மனைவி: வண்டிக்குத்தான், தம்பி!

கணவன்: எனக்கும் பாதி போயிடுச்சு. பின்னாடி ஹாரன் அடிக்கிறான், முன்னாடி பஸ்காரன் முறைக்கிறான். நான் இறங்கித் தள்ளணும். இந்த முட்டியை வச்சுக்கிட்டு.

மெக்கானிக்: தள்ளினதும் ஸ்டார்ட் ஆச்சா, அண்ணே?

கணவன்: எங்க தள்ளினேன்... கதவைத் திறந்து கீழ இறங்கினேன். இவ சாவியைத் திருகினா. ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓட ஆரம்பிச்சுடுச்சு.

மெக்கானிக்: அப்போ தள்ளல.

கணவன்: தள்ளத் தயாரா இருந்தேன்ல?

மெக்கானிக்: சரி சரி. பாருங்க, நான் கம்ப்யூட்டரை மாட்டிப் பாத்துட்டேன். ஒரு குறையும் இல்லங்குது. பெட்ரோல் பம்ப் சரி. பேட்டரி சரி. பிளக் போன தடவைதான் மாத்தினேன். நானே எடுத்துக்கிட்டு மார்க்கெட், மேம்பாலம் எல்லாம் சுத்திட்டு வந்துட்டேன். 'என்னையா சந்தேகப்படுறே?'ங்கற மாதிரி ஓடுது.

கணவன்: அதைத்தான் நானும் சொல்றேன்! வண்டில ஒண்ணும் இல்ல. கோளாறு ஓட்டுற கையில.

மனைவி: ஆரம்பிச்சுட்டீங்களா?

கணவன்: நான் சொல்லலம்மா. ஊரே சொல்லுது. உன் கூடப் பிறந்த தம்பியே சொல்றான். உனக்கு என்ன பேரு வச்சிருக்கான்?

மனைவி: இப்போ அது எதுக்கு?

கணவன்: தள்ளுவண்டி ராணி!

மெக்கானிக்: ஹஹ்... மன்னிச்சுக்குங்க அக்கா. வாய் தவறி சிரிச்சுட்டேன்.

மனைவி: நல்லா சிரி. வீட்டு விசேஷத்துக்குப் போனா, 'அக்கா வந்துட்டா, தள்ள நாலு பேர் வாசலுக்குப் போங்க'ன்னு கத்துறான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. இவரும் சேர்ந்து சிரிக்கிறாரு. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வருது.

கணவன்: சிரிக்காம அழவா முடியும்? தம்பி, நீ நியாயமா சொல்லு. இன்னையோட இந்த வண்டியோட மூணு வருஷ வாடகை லீஸ் முடியுது. சாயங்காலம் லீஸ் ஆபீஸ் மூடுறதுக்குள்ள போய் இந்தச் சாவியை மேசை மேல வச்சுட்டு, புது வண்டி ஒண்ணை லீஸுக்கு எடுத்துக்கிட்டு வந்துடலாம். புது லீஸ்ல சர்வீஸும் அவங்களுது. பழுதானா அவங்க தலைவலி. மூணு வருஷம் கழிச்சு மறுபடியும் புதுசு. கசக்குதா?

மனைவி: மிச்சத்தைக் கட்டிட்டு இதையே சொந்தமா வாங்கிக்கலாம். அதையும் சொல்லுங்க.

கணவன்: நடு ரோட்டுல நிக்கிற வண்டியையா? காசு கொடுத்து யாராவது தலைவலியை வாங்குவாங்களா?

மனைவி: காசு என் காசு. அட்வான்ஸ் வந்தாச்சு. தம்பி, நான் திரைச்சீலை தைக்கிறவ. உனக்குத் தெரியும்.

மெக்கானிக்: எங்க வீட்டு ஜன்னலுக்கே நீங்கதானே தைச்சுக் கொடுத்தீங்க.

மனைவி: நாளைக்கு ஆஸ்பத்திரில வேலை ஆரம்பிக்குது. ஒவ்வொரு கட்டிலையும் சுத்தித் திரை. எல்லா வார்டும் எனக்கே கொடுத்திருக்காங்க. நான் இதுவரைக்கும் பண்ணினதுலயே பெரிய வேலை. இந்த வண்டில பக்கத்து முன் சீட்டை மடிச்சா, டிக்கிலேந்து கண்ணாடி வரைக்கும் திரைக் கம்பி நீட்டிப் படுக்கும். துணி மூட்டை ஏத்தலாம், ஏணி ஏத்தலாம். இவர் பாத்து வச்சிருக்கிற புது வண்டில ஏணி இல்ல, ஒரு முக்காலி கூட நுழையாது.

கணவன்: ஆனா அந்த வண்டி தானா பிரேக் போடும்! முன்னாடி ஆள் வந்தா தானா நிக்கும்! யாரும் மிதிக்கவே வேண்டாம்!

மனைவி: மேலும் கேளு. புது லீஸ்ல ஓட்டுறவர் ஒருத்தர்தான். இவர் பேரு. வியாபாரச் சாமான் ஏத்தக் கூடாது. இத்தனை கிலோமீட்டருக்கு மேல ஓடக் கூடாது. மூணு வருஷமா நான் இந்த வண்டில ஒரு கொக்கி மாட்டினதில்ல, தெரியுமா? வாடகை வீட்டுல ஆணி அடிக்கப் பயப்படுற மாதிரி பயந்து பயந்து வச்சிருந்தோம். போதும். எனக்குச் சொந்தமா வேணும்.

கணவன்: நான் உன்னைக் கொண்டு போய் விடுறேன்னுதானே சொல்றேன்? நீ மகாராணி மாதிரி பக்கத்துல உக்காந்துக்க.

மனைவி: உங்க முட்டி?

கணவன்: புது வண்டி ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது. முட்டிக்கு வேலை இல்ல.

மெக்கானிக்: முட்டிக்கு என்ன அண்ணே?

கணவன்: அதை ஏன் கேக்குற... ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. குத்துது, குடையுது. அதனாலதான் நான் ஸ்டீரிங்கைத் தொடுறதில்ல. ராத்திரி இவதான் தைலம் தேய்ச்சு விடுறா, பாவம்.

மனைவி: ம்.

கணவன்: எனக்கு முட்டி போனதாலதான் இவளே லைசன்ஸ் எடுத்தா. அதுவரைக்கும் சாவி என் சட்டைப் பையை விட்டு வெளிய வந்ததில்ல.

மெக்கானிக்: சரி, மணி ஓடுது. நான் ஒண்ணு கேக்குறேன் அக்கா. நின்ன நாளை விடுங்க. நிக்காத நாள் எது?

மனைவி: நிக்காத நாளா?

மெக்கானிக்: ஆமா. நோவு எப்போ வருதுன்னு டாக்டர் கேப்பாரு. நான் எப்போ வரலைன்னு கேப்பேன். நம்ம வைத்தியம் வேற.

மனைவி: நிக்காத நாள்னா... கம்பி ஏத்தின நாள். கம்பி ஏத்திக்கிட்டுப் போன ஒரு நாள்லயும் நின்னதில்ல.

கணவன்: பாத்தியா! பாரம் இருந்தா ஒழுங்கா ஓடுது. காலி வண்டின்னா இவ தாறுமாறா மிதிக்கிறா.

மெக்கானிக்: பாரமா... இருங்க, போன தடவை நான் மணல் மூட்டை ஏத்தி ஓட்டிப் பாத்தேன், ஏத்தாமலும் ஓட்டிப் பாத்தேன். ரெண்டுலயும் நிக்கல.

மனைவி: கம்பி ஏத்தினா... முன் சீட்டை மடிப்பேன்...

மெக்கானிக்: ஆமா?

மனைவி: முன் சீட்டை மடிச்சா...

கணவன்: என்னம்மா, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறே?

மனைவி: ஒண்ணும் இல்ல. என்னங்க, ஒரு பந்தயம் வச்சுக்கலாமா?

கணவன்: என்ன பந்தயம்?

மனைவி: வண்டி நிக்கிறதுக்கு நான் காரணம் இல்லைன்னு இப்பவே காட்டுறேன். காட்டிட்டா, நேரா லீஸ் ஆபீஸ். இந்த வண்டியை வாங்குறோம், என் பேர்ல. அப்புறம் நீங்க என் தம்பிக்குப் போன் போட்டு, யார் காரணம்னு உங்க வாயால சொல்லணும். ஸ்பீக்கர்ல.

கணவன்: காட்ட முடியலன்னா?

மனைவி: சாவி உங்க சட்டைப் பைக்கு. புது லீஸ், உங்க பேரு. ஆஸ்பத்திரி வேலையை வேற யாருக்காவது கொடுக்கச் சொல்லிடுறேன். அப்புறம் வாயே திறக்க மாட்டேன்.

கணவன்: ஆஸ்பத்திரி வேலையை விடுறியா? விளையாடாதே.

மனைவி: விளையாடல.

கணவன்: தம்பி, நீ சாட்சி. பின்னாடி பேச்சு மாறக் கூடாது.

மெக்கானிக்: எனக்கு எதுக்கு அண்ணே உங்க வீட்டுச் சண்டைல சாட்சி...

மனைவி: நீ வரணும். நீ இல்லாம நடக்காது. என்னங்க, தண்ணி குடிச்சுட்டு வாங்க, வெயிலா இருக்கு.

கணவன்: வர்றேன். நல்லா தெம்பா வர்றேன்.

மனைவி: போயிட்டாரா? தம்பி, கிட்ட வா. நீ பின் சீட்டுல, நடுவுல உக்காரு. ரோட்டைப் பாக்காத. என்னைப் பாக்காத. அவர் வலது காலை மட்டும் பாரு.

மெக்கானிக்: காலையா? எதுக்கு?

மனைவி: பாரு. எனக்கும் முழுசா தெரியல. தப்பாப் போச்சுன்னா என் பிழைப்பு போச்சு.

*

கணவன்: பெல்ட் போட்டாச்சு. கண்ணாடியைப் பாரு. ரெண்டு பக்கமும் பாரு.

மனைவி: பாத்தாச்சு.

கணவன்: எங்க பாத்தே? தலையே திரும்பல.

மனைவி: கண்ணு திரும்புச்சுங்க. தம்பி, வசதியா உக்காந்திருக்கியா?

மெக்கானிக்: சினிமாக் கொட்டகைல உக்காந்த மாதிரி இருக்கு. ஓட்டுங்க.

கணவன்: மெதுவா... மெதுவா... கிளட்ச்சை மெதுவா விடு. நாய்!

மனைவி: அது படுத்திருக்கு.

கணவன்: எழுந்தா?

மனைவி: எழுந்தா உங்களுக்குக் கும்பிடு போட்டுட்டு வழி விடும்.

கணவன்: கிண்டல் பண்ணாம ரோட்டைப் பாரு. அந்தம்மா குறுக்க வரப் போறாங்க.

மனைவி: அவங்க கடை வாசல்ல நின்னு பேசுறாங்க.

கணவன்: பேசிக்கிட்டே வருவாங்க! உனக்குத் தெரியாது! ஆட்டோ... ஆட்டோ திரும்புது... ஏய்...

மனைவி: திரும்பட்டும்.

கணவன்: தண்ணி லாரி! லாரி! பிரேக்! பிரேக்கும்மா!

மனைவி: போச்சு, ஆஃப்.

கணவன்: பாத்தியா! நின்னுடுச்சு! நின்னுடுச்சு பாத்தியா! தம்பி, நீயே பாத்துக்க. லாரி அந்தக் கோடியில வருது. இவ பதறிட்டா. வண்டி நின்னுடுச்சு. முடிஞ்சுது பந்தயம். சாவியைக் கொடு.

மனைவி: தம்பி, பாத்தியா?

மெக்கானிக்: பாத்தேன் அக்கா. ஆனா... ஒரு தடவை பாத்தா நம்ப முடியாது. இன்னொரு ரவுண்டு போங்க.

கணவன்: எதைப் பாத்தே? என்ன ரெண்டு பேரும் கண்ணால பேசிக்கிறீங்க?

மனைவி: என்னங்க, ஒரே ஒரு உதவி. செருப்பைக் கழட்டிட்டு, காலை மடக்கி சீட்டு மேல சம்மணம் போட்டு உக்காருங்க.

கணவன்: எதுக்கு?

மனைவி: பந்தயத்துல இதுவும் சேர்த்தி. தம்பி சாட்சி.

கணவன்: பைத்தியக்காரத்தனமா இருக்கு... சரி, இதோ, மடக்கியாச்சு. போதுமா?

மெக்கானிக்: அண்ணே... முட்டி?

கணவன்: என்ன முட்டி?

மெக்கானிக்: இல்ல, படக்குனு மடக்கிட்டீங்களேன்னு...

கணவன்: சீட்டு மெத்துனு இருக்குல்ல. நீ உன் வேலையைப் பாரு.

மனைவி: கிளம்பலாமா? இந்தத் தடவை மார்க்கெட் வழியா போறேன்.

கணவன்: மார்க்கெட் வழியாவா! வேண்டாம்... ஏய், தள்ளுவண்டி... மாடு... சைக்கிள்! சைக்கிள்மா!

மனைவி: பாத்தேன். போகட்டும்.

கணவன்: பஸ்! பஸ் ஒடிச்சுத் திரும்புது! கடவுளே! முட்டப் போறான்!

மனைவி: முட்டல. பாருங்க, தாண்டிட்டோம்.

கணவன்: மேடு! மேடு இருக்கு! மெதுவா! அப்பா... ஸ்... என்னால இப்படி உக்கார முடியல.

மனைவி: முட்டி வலிக்குதா?

கணவன்: இல்ல, பிடிச்சுக்க ஒண்ணும் இல்ல!

மெக்கானிக்: அண்ணே, ஒண்ணு கவனிச்சீங்களா?

கணவன்: என்ன?

மெக்கானிக்: பஸ் வந்துச்சு. மாடு வந்துச்சு. சைக்கிள் வந்துச்சு. வண்டி நிக்கல.

கணவன்: அது... தற்செயல்.

மனைவி: அப்போ காலைக் கீழ இறக்குங்க. அதே தெரு, திரும்பிப் போறோம். தம்பி, நல்லா பாத்துக்க.

கணவன்: நீங்க ரெண்டு பேரும் என்னமோ பண்றீங்க... ஏய், ஆட்டோ! ஆட்டோ! பிரே...

மனைவி: நின்னுடுச்சு.

மெக்கானிக்: பிடிச்சுட்டேன்! கையும் களவுமா பிடிச்சுட்டேன்!

கணவன்: யாரை?

மெக்கானிக்: உங்களைத்தான் அண்ணே! அக்கா பிரேக் மிதிக்கிறதுக்கு முன்னாடி நீங்க மிதிக்கிறீங்க!

கணவன்: நானா? என் பக்கம் பிரேக்கே இல்லையேப்பா!

மெக்கானிக்: இல்லாத பிரேக்கை மிதிக்கிறீங்க! நாய் படுத்திருக்கு, ஒரு மிதி. அந்தம்மா நிக்கிறாங்க, ஒரு மிதி. லாரி வந்ததும் பாருங்க, பலகை உடையிற மாதிரி ஒரு மிதி. அந்த மிதிக்கு வண்டி நிக்குது!

கணவன்: சும்மா தரையை மிதிச்சா வண்டி எப்படிப்பா நிக்கும்? கதை விடாதே.

மெக்கானிக்: அதைத்தான் பாக்கணும். ஷெட்டுக்கு ஓட்டுங்க அக்கா. அண்ணே, நீங்க அதுவரைக்கும் காலை மடக்கியே வையுங்க, புண்ணியமாப் போகும்.

*

மெக்கானிக்: டார்ச்சைப் பிடிங்க அண்ணே. கார்ப்பெட்டைத் தூக்குறேன். முதல்ல இங்க பாருங்க, மேலயே தெரியுது. ஓட்டுறவங்க பக்கம் புதுசு மாதிரி இருக்கு. உங்க பக்கம் குதிகால் அளவுக்கு வட்டமா தேஞ்சு கிடக்கு.

மனைவி: அடடா. நான் துணி மூட்டை உரசினதுன்னு நினைச்சேன்.

மெக்கானிக்: இதோ. இதோ இருக்கு. அக்கா, குனிஞ்சு பாருங்க. இந்த ஒயர்க் கொத்துதான் இன்ஜினுக்குப் போகுது. ரெண்டு ஒயர் சேர்ற இந்தக் கனெக்டர் ஓரத்துல பள்ளத்துக்குள்ள உக்காந்து கிளிப் மாட்டி இருக்கணும். இது வெளிய வந்து, நேரா குதிகாலுக்குக் கீழ படுத்திருக்கு. நசுங்கி, கிளிப் உடைஞ்சு... ஓங்கி மிதிச்சா ஒயர் விட்டுப் போகும், இன்ஜின் நின்னுடும்; காலை எடுத்தா ஒட்டிக்கும்.

மனைவி: அதனாலதான் இவர் கீழ இறங்கினதும் ஸ்டார்ட் ஆச்சு!

மெக்கானிக்: அதேதான்! கம்பி ஏத்தின நாள்ல சீட்டு மடிஞ்சிருக்கும், அண்ணன் வர மாட்டாரு. நான் தனியா ஓட்டினா மிதிக்க ஆள் இல்ல. மணல் மூட்டைக்குக் கால் இல்ல. எப்படிங்க நிக்கும்?

கணவன்: சரி... அது எப்படி வெளிய வந்துச்சு? கம்பெனில சரியா மாட்டியிருக்க மாட்டாங்க. அதான் நான் சொல்றேன், இந்த வண்டியை...

மெக்கானிக்: கம்பெனி வேலை இல்ல அண்ணே. யாரோ கார்ப்பெட்டைக் கழட்டி மறுபடி போட்டிருக்காங்க. அவசரத்துல ஒயரைப் பள்ளத்துல விடாம மேலயே விட்டு மூடியிருக்காங்க. எந்த மடையன் பண்ணினான்னு தெரியல.

மனைவி: என்னங்க, யாருன்னு சொல்லுங்க.

கணவன்: என்னத்தைச் சொல்ல?

மனைவி: மழைக்காலத்துல ஒரு நாள் கண்ணாடியை ஏத்தாம விட்டு, உள்ள தண்ணி புகுந்துச்சே. 'மெக்கானிக்குக்கு எதுக்குக் கொடுக்கணும், இது என்ன பெரிய வித்தையா'ன்னு ஒருத்தர் தானே கார்ப்பெட்டைக் கழட்டி, மொட்டை மாடில காயப் போட்டு, தானே மாட்டினாரே. அன்னைக்கு முழுக்க என்னைப் பெருமையாப் பாத்துக்கிட்டே இருந்தாரே.

கணவன்: நல்லாத்தானே காஞ்சிருந்துச்சு...

மெக்கானிக்: மடையன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன் அண்ணே.

மனைவி: நீ எதையும் வாங்காத தம்பி. சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்! ஐயோ, எனக்கு இப்போ கத்தணும் போல இருக்கு. எத்தனை மாசம்! ராத்திரி படுத்தா, 'நான் எந்த இடத்துல தப்பா கிளட்ச்சை விட்டேன்'னு யோசிச்சு யோசிச்சுத் தூக்கம் வராது. எனக்கு ஓட்டவே வராதோன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன், தெரியுமா?

கணவன்: ஏம்மா... நான் வேணும்னு பண்ணலம்மா.

மனைவி: வேணும்னு பண்ணலைன்னு தெரியும். ஆனா பண்ணினது நீங்க. நான் நல்லா ஓட்டுறேன். சொல்லுங்க.

கணவன்: நல்லா ஓட்டுறே.

மனைவி: பாதிதான் கேட்டுச்சு.

கணவன்: நல்லாத்தான் ஓட்டுறே! மார்க்கெட்டுல அந்தப் பஸ் வந்தப்போ ஒடிச்சுத் தாண்டி வந்தியே, நான் கூட அப்படி வந்திருக்க மாட்டேன். போதுமா?

மெக்கானிக்: ஆகா! எழுதி ஒட்டி வைக்கணும் ஷெட்டுல. இதோ, கனெக்டர் புதுசு போட்டாச்சு. பள்ளத்துல விட்டு, கிளிப் மாட்டி, மேல ஒரு தகடு வச்சு ஸ்க்ரூ போட்டுட்டேன். யானை மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது. அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. முட்டி வலியோடயே இந்த மிதி மிதிச்சிருக்கீங்க. வலி மட்டும் இல்லாம இருந்திருந்தா, ஓட்டை விழுந்து ரோடே தெரிஞ்சிருக்கும்!

கணவன்: ...ஆமா, ஆமா. வலி... பழகிப் போச்சு.

மெக்கானிக்: எந்த முட்டி அண்ணே? வலதா?

கணவன்: இடது. இல்ல... வலது. ரெண்டுந்தான். மணி என்ன ஆச்சு? ஆபீஸ் மூடிடுவாங்க, கிளம்பலாம்.

மனைவி: கிளம்பலாம். முதல்ல போனை எடுங்க.

கணவன்: எந்தப் போனை?

மனைவி: என் தம்பிக்கு. ஸ்பீக்கர்ல.

கணவன்: வழில போட்டுக்கலாமே...

மெக்கானிக்: சாட்சி இங்கதான் அண்ணே இருக்கான். வழில வர மாட்டான்.

கணவன்: ஹலோ... மச்சான்... ஆமா, நான்தான். ஷெட்டுல. இல்லடா, தள்ளல... வண்டி சரியாயிடுச்சு. கோளாறு கண்டுபிடிச்சாச்சு. என்ன கோளாறுன்னா... அது வந்து... என் கால். ஆமா, கால். என் கால்தாண்டா... உங்க அக்காவைப் பேசாதே! அவ ஒரு தப்பும் பண்ணல. நான் பக்கத்துல உக்காந்து மிதிச்சு மிதிச்சு... சிரி. நல்லா சிரி. அவதான் கண்டுபிடிச்சா. மெக்கானிக் கூட இல்ல, அவதான்! இனிமே தள்ளுவண்டி கிள்ளுவண்டின்னா என்கிட்ட உதை வாங்குவே... என்ன? எனக்குப் பேரா? என்ன பேரு? வை போனை!

மனைவி: என்ன பேரு வச்சான்? நீங்களே சொல்லுங்க.

கணவன்: ஒண்ணும் இல்ல.

மெக்கானிக்: ஸ்பீக்கர்ல கேட்டுச்சு அண்ணே. 'பிரேக் மாமா'.

*

மனைவி: லீஸ் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டப்போ என் பேரை ரெண்டு தடவை படிச்சேன், பாத்தீங்களா?

கணவன்: பாத்தேன். ஆனா அந்த ஆபீஸர்கிட்ட நீ கேட்டியே ஒரு கேள்வி... 'இனிமே இதுல கொக்கி மாட்டலாமா'ன்னு. அவன் முழிச்சான்.

மனைவி: 'உங்க வண்டிம்மா, நீங்க என்ன வேணும்னாலும் மாட்டுங்க'ன்னு சொன்னான்ல? உங்க வண்டிம்மான்னு! இன்னொரு தடவை சொல்லச் சொல்லலாமான்னு இருந்துச்சு. மேல கேரியர் போடப் போறேன். உள்ள நாலு பக்கமும் கொக்கி. பக்கவாட்டுல என் கடை பேரு, பெரிய எழுத்துல. நாளைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல போய் நிறுத்துறப்போ பாருங்க.

கணவன்: நிறுத்துறது உன் கையில. நிக்கிறது இனிமே வண்டி கையில இல்ல.

மனைவி: அடேங்கப்பா, பேச்சு வந்துடுச்சே. ஏறுங்க, வீட்டுக்குப் போகலாம்.

கணவன்: நான் பின்னாடியே உக்காந்துக்கிறேன்.

மனைவி: எதுக்கு? முன்னாடி வாங்க. தகடு போட்டாச்சு. எவ்ளோ வேணும்னாலும் மிதிங்க. வண்டி இனிமே உங்க பேச்சைக் கேக்காது. என்ன? கதவைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறீங்க?

கணவன்: ஒண்ணு சொல்லணும்.

மனைவி: சொல்லுங்க.

கணவன்: அந்த மெக்கானிக் பையன் கேட்டான்ல... எந்த முட்டின்னு.

மனைவி: ஆமா.

கணவன்: வலதும் இல்ல. இடதும் இல்ல.

மனைவி: ம்.

கணவன்: போன வருஷம் ரவுண்டானாகிட்ட ஒரு சைக்கிள்காரர்... நான் ஓட்டிக்கிட்டு வந்தப்போ, குறுக்க வந்தாரு. ஒரு முழம்கூட இடைவெளி இல்ல, தப்பிச்சாரு. அவர் ஒண்ணுமே சொல்லல, தலைல கையை வச்சுக்கிட்டு அப்படியே நின்னாரு. அந்த முகம் போகவே மாட்டேங்குது. அடுத்த நாள் ஸ்டீரிங்ல கை வச்சேன், வேர்த்து ஊத்துச்சு. பயமா இருக்குன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது? முட்டின்னுட்டேன். பக்கத்துல உக்காந்தாலும் எல்லாரும் குறுக்க வர்ற மாதிரியே இருக்கு... கால் தானா மிதிக்குது. அதான் அந்தப் புது வண்டி... தானா பிரேக் போடும்னாங்க. அதுலயாவது பழையபடி ஓட்டிடலாமான்னு பாத்தேன். உன்னைத் தப்பு சொல்லிக்கிட்டே வந்துட்டேன். எனக்கு முட்டி வலியே இல்லம்மா.

மனைவி: தெரியும்.

கணவன்: இப்போதானே தெரியும்? நான் சம்மணம் போட்டதும்?

மனைவி: போன வருஷமே தெரியும்.

கணவன்: போன வருஷமா! அப்புறம் ஏன் தினமும் தைலம் தேய்ச்சு விட்டே? ஒரு வார்த்தை கேக்கலியே நீ!

மனைவி: ஒரு நாள் வலது முட்டியை நீட்டுவீங்க, மறுநாள் இடது முட்டியை நீட்டுவீங்க. எதை நீட்டினாலும் வாயைத் திறக்காம தேய்ச்சு விட்டேன். கேட்டிருந்தா உங்க முட்டி அன்னைக்கே சரியாகியிருக்கும்... அப்புறம் சாவி எப்படிங்க என் கைக்கு வரும்?